காகிதப்பூவும் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரும்

போன வாரம் ஆபீஸுக்கு ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில அசெம்பிளி லைனுக்கு மென்பொருள் எழுதுற கூட்டம் நாங்க. புது லைன் ஓட ஆரம்பிச்சதுல இருந்து மூணு மாசமா ராத்திரி பகல் தெரியாம கிடக்கோம். ரெண்டு பேர் பேப்பர் போட்டாச்சு. மிச்சம் இருக்கறவங்களுக்கு 'ஊக்கம்' குடுக்கணுமாம்.

மனுஷன் நல்லாத்தான் பேசினார். நடுவுல ஒரு உதாரணம் சொன்னார் பாருங்க. காகிதப்பூச் செடிக்குத் தண்ணி ஊத்தினா இலைதான் வருமாம், காய விட்டாத்தான் பூக்குமாம், அது மாதிரி நெருக்கடிதான் நம்மளையும் பூக்க வைக்குமாம். எல்லாரும் கைதட்டினாங்க. நான் தட்டல. வாடகை வீட்டு மொட்டை மாடில நாலு வருஷமா காகிதப்பூவை போன்சாயா வளர்க்கிறவன் நான். அவர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பி ஒரு செடியைக் கொன்ன அனுபவமும் எனக்கு உண்டு.

இந்தப் பக்கம் வெளியூர்ப் பசங்களுக்கு வாடகைக்கு விட வரிசையா ரூம் கட்டுறாங்க இல்லையா, அப்படி ஒரு வீட்டுக்காரர் வேலியை எடுக்கும்போது கிடைச்சது என் முதல் செடி. தொடை தடிமன் அடிமரம். "முள்ளு தம்பி, எடுத்துட்டுப் போய்டுங்க"ன்னார். ஒரு அடி உயரம் விட்டு ரம்பத்தால அறுத்து, பழைய பெயிண்ட் வாளியில ஓட்டை போட்டு, செங்கல் ஜல்லியும் மணலும் கலந்து நட்டேன். காகிதப்பூக்கு வேர் ரொம்ப மென்மை. தொட்டா உடையும். ஆனா தடிச்ச கட்டையே மறுபடி வேர் விட்டுப் பிழைக்கும், அதுதான் இதோட பெருமை. ஒரு எச்சரிக்கை: துளிர் வந்ததும் குதிக்காதீங்க. கட்டைக்குள்ள சேமிச்சு வச்சதை வச்சே வேர் இல்லாமலும் துளிர்க்கும். அப்போ ஆட்டிப் பார்த்தா போச்சு.

வளைக்கிறதெல்லாம் இளங்கிளையில மட்டும்தான். அலுமினியக் கம்பியைச் சுத்தி மெதுவா திருப்பணும். முத்தின கிளை டக்குனு முறியும். பெரிய வெட்டுக்காயம் லேசுல மூடாது, உள்ள அழுகிட்டே போகும்.

(அம்மா போன்ல, "போன்சாய் வச்சா வீட்ல வளர்ச்சி தடைபடும், அதுலயும் முள்ளுச் செடி வேற"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க. சம்பளம் ஏறாததுக்கு வேற காரணம் இருக்கும்மா :-) )

சரி, பூவுக்கு வருவோம். நாம பூன்னு நினைக்கிற அந்தக் கலர் காகிதம் உண்மையில பூவிதழே இல்ல, நிறம் மாறின இலை. உள்ள குச்சி மாதிரி வெள்ளையா இருக்கே, அதுதான் பூ. பிறந்த ஊர் தென் அமெரிக்கா. 1760-கள்ல பிரேசில்ல இதைப் பார்த்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் கொமர்சோன், தன் கடற்பயணத்தோட தலைவர் பூகன்வில் பேரையே இதுக்கு வச்சார். புதுத் தளிர்லதான் பூக்கும். இரவு நீளமா இருக்கற மாசங்கள் இதுக்குப் பிடிக்கும். அதான் நம்ம ஊர்ல ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு தை, மாசியில வெடிச்சுப் பூக்குது.

காய விட்டா இலை வளர்றது நின்னு பூ வரும், நிஜம்தான். ஆனா அந்தப் பூவுக்கான செலவு எங்க இருந்து வருது? அதுக்கு முன்னாடி மழையில நல்லாக் குடிச்சு, புண்ணாக்கு சாப்பிட்டு, இலை இலையா விட்டுச் சேர்த்தது. சேமிப்பு இருந்தாத்தான் பட்டினி வேலை செய்யும். எனக்கு அப்போ இது உறைக்கல. மாசியில செம பூ. ஊரெல்லாம் போட்டோ அனுப்பினேன். பூ கொட்டினதும், இன்னொரு தடவை பார்த்துடலாமேன்னு பங்குனியிலயே மறுபடி காயப் போட்டேன். அஞ்சு இஞ்ச் ஆழத் தொட்டி, கீழ கொதிக்கிற காங்கிரீட். கொஞ்சம் பூத்துச்சு. அப்புறம் இலை கொட்டிச்சு. சித்திரையில நகத்தால பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன், பச்சையே இல்ல.

ஹைவே நடுவுல தண்ணியில்லாமயே பூக்குதேன்னு கேப்பீங்க. பெங்களூர் ரோட்டுல விடியக்காலை போய்ப் பாருங்க, டேங்கர் லாரி நின்னு ஹோஸ் பிடிச்சு ஊத்திட்டு இருப்பாங்க. அதோட அந்தச் செடிக்கு மண்ணுக்குள்ள வேரை அனுப்பித் தேட இடம் இருக்கு. தொட்டியில இருக்கறதுக்கு நான் ஊத்தினாத்தான் தண்ணி. அதனால காயப் போடுற உரிமை வேணும்னா ஊத்துற கடமையும் எனக்குத்தான். பூ முடிஞ்சதும் கத்தரிச்சு, உரம் வச்சு, தினமும் தண்ணி குடுத்து, அடுத்த மழை வரைக்கும் செடியைச் சும்மா விடணும். இந்த ஓய்வு மாசங்களைப் பத்திப் பேச்சாளர் மூச்சு விடல.

கேள்வி இருந்தா கேளுங்கன்னார். "பூத்து முடிச்ச பிறகு என்ன சார் பண்ணணும்?"னு கேட்டேன். "அடுத்த பூவுக்குத் தயாராகணும்!"னார். மறுபடி கைதட்டல். மேனேஜர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

இப்ப இருக்கறது ரெண்டாவது கட்டை, அதே தெருவுல இன்னொரு வேலியில கிடைச்சது. இந்த வருஷப் பூ கொட்டி முடியப் போகுது, ஞாயித்துக்கிழமை கத்தரிக்கணும். அன்னிக்கும் ஆபீஸ் வரச் சொல்லி மெயில் வந்திருக்கு. வரலைன்னு பதில் போட்டுட்டேன்.