தவணை அறிவித்தல் சலுகையன்று, உரிமை

ஆண்டின் முதலாந் தவணை தொடங்கும்போது புல்மோட்டையிலும் அதன் அயற் கிராமங்களிலும் பெற்றோரின் கைக்குப் பாடசாலை அறிவித்தல் வந்து சேர்கின்றது. பாடசாலை தொடங்கும் நாள், வாங்க வேண்டிய கொப்பிகள், அணிய வேண்டிய சப்பாத்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குக் கட்ட வேண்டிய பணம், பெற்றோர் கூட்டத்தின் நேரம் ஆகியன அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். பெற்றோர் பாடசாலைக்குச் செய்ய வேண்டியவை இவை. அரசு அந்தப் பாடசாலைக்குச் செய்ய வேண்டியவை எவை? அவற்றுள் எவை செய்யப்பட்டுள்ளன? இவைபற்றி அவ்வறிவித்தல் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. இக்குறையைப் பற்றியே இவ்வாரம் எழுதுகின்றோம்.

முதலில் காலத்தைக் கவனியுங்கள். தை மாதத்தில் பெரும்போகப் பயிர் வயலில் நிற்கின்றது. அறுவடை இன்னும் வரவில்லை. வாடைக் காற்றில் கிழக்குக் கடல் கொந்தளிக்கின்றது; தோணிகள் கரையில் கிடக்கின்றன. உழவனுக்கும் கடற்றொழிலாளிக்கும் கை வறண்ட மாதம் அதுவே. அந்த மாதத்திலேதான் பாடசாலைச் செலவு முழுவதும் தலையில் வந்து விழுகின்றது. திருகோணமலை நகரிலிருந்து 50 கிலோமீற்றருக்கும் அப்பால் வாழும் இம்மக்கள், கேட்ட பணத்தை எப்படியோ கொடுத்துவிட்டுத் தாம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வீடு திரும்புகின்றனர்.

சட்டம் இதுபற்றி என்ன சொல்கின்றது? பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டியது பெற்றோரின் கட்டாயக் கடமை. 5 வயது முதல் 14 வயது வரை என்றிருந்த கட்டாயக் கல்வி, 2016ஆம் ஆண்டு 16 வயது வரை உயர்த்தப்பட்டது. அனுப்பாத பெற்றோர் நீதிமன்றத்தில் நிறுத்தப்படலாம். ஆனால் அரசின் கடமை எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? அனைவருக்கும் கல்வியில் சமவாய்ப்பு என்ற உறுதிமொழி அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரையில், வழிகாட்டிக் கோட்பாடுகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. அக்கோட்பாடுகளை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாதென 29ஆம் உறுப்புரை கூறிவிடுகின்றது. பெற்றோரின் கடமைக்குத் தண்டனை உண்டு. அரசின் கடமைக்குப் பாராட்டுரை மட்டுமே உண்டு! பாடசாலை அனுமதி வழக்குகளில் சமத்துவ உரிமையைக் கொண்டு சிலர் நிவாரணம் பெற்றுள்ளனர் என்பது மெய்யே. எனினும் கல்வி உரிமை என்ற பெயரில் ஓர் அடிப்படை உரிமை நம் அரசியலமைப்பில் இல்லை.

அதற்காக நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் 19ஆம் திருத்தம், தகவலை அறியும் உரிமையை 14அ உறுப்புரையாக, அடிப்படை உரிமைகளின் வரிசையிலேயே சேர்த்தது. அதனைச் செயற்படுத்தும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பகிரங்க அதிகாரசபை ஒவ்வொன்றும் தகவல் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டுமென்கின்றது. தகவல் கேட்பவர் காரணம் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாயாற் கேட்கலாம். அதை எழுத்தில் வடிப்பது அலுவலரின் கடமை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்படல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு. வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பு கூறுவதால், கேள்வியும் தமிழில் இருக்கலாம், பதிலும் தமிழில் வரல் வேண்டும்.

ஆகவே தவணை தொடங்கும்போது பெற்றோர் கேட்க வேண்டியவை யாவை? ஆரம்பப் பிரிவில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஆசிரியர் உள்ளனரா? ஆண்டிறுதி இடமாற்றத்தில் சென்றவர்களுக்குப் பதிலாக வந்தவர் எத்தனை பேர்? 1980ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கப்படும் பாடநூல்களுள் எவை வந்தன, எவை வரவில்லை? 2024ஆம் ஆண்டு ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் விரிக்கப்பட்ட பாடசாலை உணவுத் திட்டத்தில் இப்பாடசாலைக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, உணவு கொடுத்த நாட்கள் எத்தனை? சங்கத்துக்குச் சென்ற ஆண்டு கட்டிய பணத்தின் கணக்கு எங்கே? இந்த ஐந்து கேள்விக்கும் விடை தெரிந்தால், பெற்றோர் கூட்டம் கைதட்டிக் கலையும் கூட்டமாக இராது.

புதிய பாடத்திட்டத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். 2026 முதல் முதலாந் தரத்திலும் ஆறாந் தரத்திலும் கல்விச் சீர்திருத்தம் தொடங்குமென அரசு 2025இல் அறிவித்தது. பின்னர் ஆறாந் தரத்துக்கு அது 2027க்கு ஒத்திவைக்கப்பட்டது. கொழும்பில் மாற்றப்படும் முடிவு புல்மோட்டைத் தாய்க்கு வதந்தியாக வந்து சேர்ந்தால், அவள் பிள்ளையை எப்படித் தயார் செய்வாள்?

இக்கேள்விகள் ஓர் இனத்தாருக்கு மட்டும் உரியனவல்ல. புல்மோட்டையில் பெரும்பான்மையினர் முஸ்லிம் மக்கள். திரியாயிலும், போரினால் இடம்பெயர்ந்து பின்னர் மீளக் குடியேறிய தென்னமரவடியிலும் தமிழ் மக்கள் வாழ்கின்றனர். நோன்பு மாதத்தை முன்னிட்டு முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நாட்கள் வேறாக அமைகின்றன. விடுமுறை வேறுபடலாம், வெற்று நாற்காலி வேறுபடுவதில்லை. ஆசிரியரில்லாத வகுப்பு எந்தப் பாடசாலையில் இருந்தாலும் இழப்பு தமிழ் பேசும் பிள்ளைக்கே. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. 2025ஆம் ஆண்டு முடியும்வரை தேர்தல் நடைபெறவில்லை. மாகாணப் பாடசாலைகளைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்க உறுப்பினர் இல்லாத காலத்தில், கேட்க வேண்டிய கடமை பெற்றோரின் தோளில் இரட்டிப்பாக விழுந்தது.

அதிபரும் ஆசிரியரும் இதனால் மனம் வருந்துவரோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வேண்டியதில்லை. வெற்றிடத்தை நிரப்பும் அதிகாரம் அதிபரிடம் இல்லை. அது மேலிடத்தில் இருக்கின்றது. அதிபர் தனியே எழுதும் கடிதத்தைவிட, நூறு பெற்றோர் கையொப்பமிட்ட கேள்வி வலயக் கல்வி அலுவலகத்தில் அவருக்கே துணையாக நிற்கும். குறை யாரிடம் என்று தெரியாத இடத்திலேதான் பழி ஆசிரியர்மேல் விழுகின்றது.

புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலை நாடறியும். 1957ஆம் ஆண்டு கனிய மணல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது; இம்மணலிற் பிரித்த இல்மனைற்று கப்பலேறிப் பிறநாடு சென்றது. இல்மனைற்றிலிருந்து எடுக்கும் வெண்தூளே உலகெங்கும் வீட்டுச் சுவர்களின் பூச்சுக்கு வெண்மை தருகின்றது. இந்நாட்டிலோ வகுப்பறைச் சுவருக்குப் பூச்சுப் பூசப் பெற்றோரிடம் பணம் கேட்பது வழக்கமாகிவிட்டது! ஏற்றிய மணலுக்கு நிறை உண்டு, விலை உண்டு, கணக்கு உண்டு. அம்மணலில் நடந்து பாடசாலை செல்லும் பிள்ளைக்கு வந்த ஆசிரியருக்கும் நூலுக்கும் உணவுக்கும் கணக்குக் கேட்பது எவ்வாறு குற்றமாகும்?

கற்றோர் இதில் பங்கு கொள்ள வேண்டும். சட்டத்தரணிகளும் எழுதுவினைஞர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, பெற்றோரின் விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கட்டும். உழவர் பெருமக்கள் தம் கையொப்பத்தையோ பெருவிரல் அடையாளத்தையோ தயங்காமல் இடட்டும். விதைத்தவன் பயிரைப் பார்க்க வரம்பில் இறங்குகின்றான். அதற்கு எவரிடமும் அனுமதி கேட்பதில்லை. பிள்ளையைப் பாடசாலையில் விட்டவருக்கும் அந்த உரிமை உண்டு. இத்தவணையிலேயே அதைப் பயன்படுத்துவோமாக.