கிரீடத்தைக் கழற்றாத ராஜா

பேத்தி உட்கார வைத்து 'ஹைக்யூ' காட்டினாள். ஜப்பான் பள்ளிப் பையன்கள் வாலிபால் ஆடும் அனிமே. கார்ட்டூன்தானே என்று இளக்காரமாகத்தான் ஆரம்பித்தேன்.

அதில் ககெயாமா ஒரு செட்டர். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். அபாரத் திறமை. 'மைதானத்தின் ராஜா' என்று பட்டப்பெயர். பாராட்டு இல்லை, கூட ஆடியவர்களே வைத்த குத்தல். நடுநிலைப் பள்ளியில் ஒரு முக்கியமான ஆட்டத்தில் அவன் தூக்கிய பந்தை அடிக்க ஒருவரும் எழும்பவில்லை. திரும்பிப் பார்க்கிறான், பின்னால் யாருமில்லை. பந்து தரையில் விழுகிறது.

எனக்கு நம் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடம் ஞாபகம் வந்துவிட்டது. நான் போர்டில் வேகமாகப் போட்டுக்கொண்டே போவேன். திரும்பினால் பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்திருப்பீர்கள். திட்டு உங்களுக்குத்தான் விழும்.

வேறு கதை என்றால் அவனைப் பணிவானவனாக்கி, கிரீடத்தைக் கழற்ற வைத்திருப்பார்கள். (நம் சினிமாவில் ஒரு பாட்டிலேயே திருந்திவிடுவான்.) இதில் அப்படியில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. நான்காவது சீசனில் பழையபடி கத்திவிட்டு, அவனே பயந்து நிற்கிறான். ராஜாவாக இருந்தால் என்ன தப்பு, எனக்கு ஒப்பாததைச் சொன்னால் கேட்கமாட்டேன், அவ்வளவுதானே என்கிறான் ஹினாட்டா. கிரீடம் தலையிலேயே இருக்கிறது. 'மாட்டேன்' என்று முகத்துக்கு நேரே சொல்ல இப்போது ஆள் இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

"கொஞ்சம் மெதுவா சார்" என்று நீங்கள் யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லும்படி நான் நடந்துகொள்ளவுமில்லை. இப்போது சொல்லுங்கள், கமெண்டில் படிக்கிறேன்.