வீட்டு வாசலிலிருந்து: சின்னக் கார் எத்தனை அடி?

சகோதரிகளே, தையல் பெட்டியில் இருக்கிற அங்குல டேப்பை ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். ரவிக்கைக்கு அளவெடுக்கிற அதே டேப்தான், 60 அங்குலம். தெருவில் எங்காவது பழைய மாருதி 800 நின்றால் அதன் முதுகுப் பக்கத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அளந்து பாருங்கள். டேப் போதும், மூன்று அங்குலம் மிச்சமே இருக்கும். அப்புறம் புதிதாக வந்திருக்கிற ஏதாவது ஒரு 'சின்ன' காரை அளந்து பாருங்கள். டேப் போதாது! இன்னும் எட்டு, ஒன்பது அங்குலத்துக்குக் கையால் சாண் போட வேண்டியிருக்கும்.

இந்த வேலை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாதமாகக் கார் பேச்சுதான். செகண்ட் ஹாண்டில் வாங்கின மாருதி 800-ஐப் பதினாறு வருஷம் ஓட்டியாயிற்று. மழைக்காலம் வந்தால் ஸ்டார்ட் ஆகாமல் சண்டித்தனம் செய்கிறது. மாற்றித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் வேலை பார்ப்பவர். ஆபீஸில் எல்லோரும் உயரமாக, ஜீப் மாதிரி இருக்கிற கார்தான் வைத்திருக்கிறார்களாம். அவுகளுக்கும் அதுதான் வேண்டுமாம். ஷோரூமுக்குப் போனால் அங்கே இருக்கிற பையன், "இதுவும் ஸ்மால் கார்தான் மேடம், நாலு மீட்டருக்குள்ளதான்" என்கிறான். நான் பக்கத்தில் போய் நின்றேன். பானெட் என் இடுப்புக்கு மேல் வந்தது. இது சின்னக் காரா?

வீட்டுக்கு வந்து மகளிடம் போனைக் கொடுத்து ஒவ்வொரு காரின் அளவையும் பார்க்கச் சொல்லி, பால் கணக்கு நோட்டில் எழுதினேன். மில்லிமீட்டரில் இருந்ததை எனக்குப் புரிகிற அடி, அங்குலத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

மாருதி 800-ன் அகலம் 4 அடி 9 அங்குலம். அதற்கு முன்னால் நம் அப்பாமார் காலத்து பியட், அதாவது பிரிமியர் பத்மினி, 4 அடி 9½. அம்பாசடர்? "கப்பல் மாதிரி கார்" என்று நாமெல்லாம் சொல்வோமே, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்கிற கார், அது 5 அடி 5½ அங்குலம். இப்போது கேளுங்கள். 2024-ல் வந்த ஸ்விஃப்ட் 5 அடி 8 அங்குலம். டாடா பஞ்ச் 5 அடி 8½. இன்றைக்குச் சின்னக் கார் என்று விற்பது, அன்றைக்குக் கப்பல் என்று சொன்னதைவிட மூன்று அங்குலம் அகலம்! நீளம் மட்டும் அம்பாசடரைவிட ஒன்றரை அடி குறைவு. அதனால்தான் கண் ஏமாந்து போகிறது. குட்டையாக, குண்டாக இருக்கிறவர்களைத் தூரத்தில் பார்த்தால் சின்னதாகத் தெரிவார்களே, அந்தக் கதைதான்.

இதில் வேடிக்கை, உள்ளே இடம் அந்த அளவுக்குக் கூடவில்லை. அம்பாசடரில் பின்னால் நாலு பேர், முன்னால் மூன்று பேர், மடியில் பிள்ளைகள் என்று திருச்செந்தூர் போய் வந்த குடும்பம் எங்களுடையது. இப்போது பின் ஸீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் தோளைக் குறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அகலமெல்லாம் எங்கே போயிற்று? கதவுக்குள் போயிற்று. அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

முதலில் எங்கள் முடுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் பழைய ஊர்ப்பக்கம் குடியிருப்பவர்களுக்கு முடுக்கு என்றால் விளக்க வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர், நடுவில் ஒரு சந்து. பனிமய மாதா கோவில் தங்கத்தேர் வருவதற்கு வீதி இருக்கிறது. சிவன் கோவில் தேருக்கும் ரத வீதி இருக்கிறது. நாங்கள் இருக்கிற முடுக்குக்கு 8 அடிதான். அதில் மாருதி 800 நின்றால் பக்கத்தில் மூன்றேகால் அடி மிஞ்சும். இடுப்பில் குடத்தோடு ஒரு ஆள் தாராளமாகப் போகலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் போகலாம். 5 அடி 8½ அங்குலக் கார் நின்றால் மிஞ்சுவது இரண்டேகால் அடி. இதில் சைடு மிரர் சேர்க்கவில்லை. கம்பெனிக்காரர்கள் சொல்கிற அகலத்தில் பெரும்பாலும் மிரர் கணக்கு இருக்காது. இரண்டு காதையும் விரித்தால் இன்னும் அரை அடிக்கு மேல் போய்விடும்.

இது வெறும் சௌகரியப் பேச்சு இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, எங்கள் முடுக்கின் கடைசி வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் முடுக்கு முனையில் யாரோ விருந்துக்கு வந்தவர்களின் புதுக் கார் நின்றது. ஸ்ட்ரெச்சரைப் பக்கத்தில் கொண்டுபோக முடியவில்லை. கார்க்காரரை எழுப்பி, சாவி தேடி... அதற்குள் பொறுக்காமல் நாலு இளவட்டங்கள் பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தலைக்கு மேல் தூக்கிக் காரைத் தாண்டிக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார், மாதா புண்ணியம். அந்தக் காரும் 'சின்ன' கார்தான். அதை ஓட்டி வந்தவரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் பழைய கார் ஒன்று ஓரமாக நின்றிருந்தால் ஸ்ட்ரெச்சர் போயிருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு இந்த அனுபவம் புதுசும் இல்லை. பழைய துறைமுகத்தில் கரையோரம் கடலுக்கு ஆழம் கிடையாது. பெரிய கப்பலெல்லாம் சில மைல் தள்ளி நடுக்கடலில்தான் நிற்கும். தோணியில் சரக்கை ஏற்றி இறக்குவார்கள். அப்புறம் புதுத் துறைமுகம் கட்டி, 1974-ல் பெரிய துறைமுகம் ஆக்கி, கப்பல் பெருக்கப் பெருக்க ஆழமும் படுத்தினார்கள். கடலைத் தோண்டலாம், முடுக்கை என்ன செய்வது? சுவருக்குப் பின்னால் அடுப்படியல்லவா இருக்கிறது! இப்போது எங்கள் முடுக்கில் பாதிப் பேர் மெயின் ரோட்டில் காரை விட்டுவிட்டு, அரிசி மூட்டையைத் தலையில் தூக்கி வருகிறார்கள். திரும்பவும் நடுக்கடல் கப்பலும் தோணியும்தான்.

சரி, நாலு மீட்டர் என்கிறானே அந்தப் பையன், அது எங்கிருந்து வந்தது? 2006-ம் வருஷ பட்ஜெட்டிலிருந்து. 4 மீட்டருக்கு மிகாத நீளம், பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.க்கு மிகாத எஞ்சின், இதுதான் சின்னக் கார் என்று சொல்லி, எக்ஸைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். உடனே கம்பெனிகள் காரின் வாலை நறுக்க ஆரம்பித்தன. ஸ்விஃப்ட் டிசையர் 2008-ல் வந்தபோது 4 மீட்டரைத் தாண்டியிருந்தது. 2012-ல் டிக்கியைச் சுருக்கி உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியபோதும் அதே கோடுதான். அதற்குள் இருக்கிற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 18 சதவீதம், தாண்டினால் 40. சட்டம் நீளத்தையும் எஞ்சினையும் கேட்கிறது. அகலத்தைக் கேட்கவில்லை, உயரத்தையும் கேட்கவில்லை. பாவாடைக்கு நீளம் மட்டும் சொல்லிவிட்டு இடுப்பு அளவைத் தையல்காரர் இஷ்டத்துக்கு விட்ட மாதிரி! நீளத்தில் இறுக்கிக் கட்டினால் அகலத்தில்தானே பிதுங்கும்?

இப்போது அந்த நியாயமான காரணம். பழைய கார்களின் கதவு மெலிசு. தட்டினால் டால்டா டின் மாதிரி சத்தம் கேட்கும். 2014-ல் குளோபல் என்.சி.ஏ.பி. என்ற அமைப்பு இங்கே விற்ற சில சின்னக் கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்த்தபோது ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் முன்பக்க மோதல், பக்கவாட்டு மோதல் சோதனைகள் கட்டாயமாயின. 2023 முதல் நம் நாட்டிலேயே பாரத் என்.சி.ஏ.பி. நட்சத்திரம் கொடுக்கிறார்கள். கதவுக்குள் இரும்புத் தண்டு, ஓரத்தில் காற்றுப் பை, முன்னால் நசுங்கிக் கொடுக்கிற பாகம் எல்லாம் வைத்தால் இடம் வேண்டாமா? மதுரை பைபாஸில் உப்பு லாரிகளுக்கு நடுவே பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது வேண்டும். பழைய கார் போதும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு காரணம் எங்கள் அத்தை. வயது எழுபத்தெட்டு, இரண்டு முழங்காலிலும் வலி. உயரமான காரில் உட்கார வைத்துப் பார்த்தோம். "ஏட்டி, இது நாற்காலியில உக்காருத மாதிரி இருக்கு. பழசு கெணத்துக்குள்ள எறங்குத மாதிரில்லா இருந்துச்சு!" என்றார்கள். உண்மைதான். ஸீட் நம் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தால் மூட்டு மடங்குவது குறையும், எழுந்திருக்கவும் சுலபம். புடவையும் காலில் சிக்காது.

ஆனால் உயரத்துக்கு அகலமும் சேர்ந்துதான் வர வேண்டுமா? இங்கேதான் ஜப்பான்காரர்களைப் பாராட்ட வேண்டும். அங்கே 'கெய்' கார் என்று ஒரு வகை. நீளம் 3.4 மீட்டர், அதாவது 11 அடி 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அகலம் 4 அடி 10. எஞ்சின் 660 சி.சி. உயரம் மட்டும் ஆறரை அடி வரை போகலாம். அத்தையை நாற்காலி மாதிரி உட்கார வைக்கலாம், முடுக்கிலும் ஆள் போகலாம். நம் மாருதி 800-ம் இந்த ஜாதியில் பிறந்ததுதான். சுசுகியின் கெய் கார்தான் கொஞ்சம் பெரிய எஞ்சினோடு 1983 டிசம்பரில் இங்கே வந்தது. அதைவிட நல்ல ஏற்பாடு ஒன்று: ஜப்பானின் பெரும்பாலான நகரங்களில் கார் வாங்குமுன் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸிடம் சான்று வாங்க வேண்டும். இங்கே அப்படிக் கேட்டால் எங்கள் தெருவில் இரண்டு கார்தான் மிஞ்சும்!

ஐரோப்பாவிலும் இதே புலம்பல்தான். அங்கே புதுக் கார்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் அகலமாகிக்கொண்டே வருகின்றன என்று 2024-ல் கணக்கெடுத்திருக்கிறார்கள். கனமான பெரிய கார்களுக்குப் பாரிஸில் 2024 அக்டோபரிலிருந்து பார்க்கிங் கட்டணம் மூன்று மடங்கு.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது பானெட்டின் உயரம். உயரமான, செங்குத்தான முகம் உள்ள கார் மோதினால் பெரியவர்களுக்கு இடுப்பில், நெஞ்சில் அடிபடும். பிள்ளைகளுக்குத் தலையில். அமெரிக்காவில் 2023-ல் வந்த ஆராய்ச்சியில், பானெட் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டிகள் மோதினால் நடப்பவர் இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உள்ள சரிவான கார்களைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். நம் சின்னக் கார்கள் அந்த அளவு உயரம் இல்லை, பயப்படுத்தவில்லை. ஆனால் போகிற திசை அதுதான். ஷோரூமில் டிரைவர் ஸீட்டில் நீங்கள் உட்கார்ந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை முன்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள். எத்தனை அடி தள்ளி நின்றால் தலை தெரிகிறது? எங்கள் முடுக்கில் சாயங்காலம் பம்பரம் விடுகிற பிள்ளைகள் எல்லாம் அந்த உயரம்தான். காமிரா இருக்கிறது என்பார்கள். பின்னால் இருக்கிறது. முன்னாலும் வேண்டும் என்றால் விலை கூடின மாடலுக்குப் போகச் சொல்கிறார்கள்.

இப்போது எங்கள் ஊரிலேயே கார் செய்கிறார்கள், தெரியுமல்லவா? சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்டின் மின்சாரக் கார் தொழிற்சாலையை 2025 ஆகஸ்ட் 4-ம் தேதி திறந்தார்கள். முத்துக்கும் உப்புக்கும் பேர் போன ஊருக்குக் காரும் வந்ததில் எனக்குப் பெருமைதான். எங்கள் தெருப் பெண் ஒருத்தி அங்கே வேலைக்குப் போகிறாள். ஆனால் முதலில் வந்த மாடல்களில் வி.எஃப். 6 ஆறடி அகலம், வி.எஃப். 7 ஆறடி இரண்டரை அங்குலம்! எங்கள் ஊர்க் கார் எங்கள் முடுக்குக்குள் வராது. அதே கம்பெனி வியட்நாமில் வி.எஃப். 3 என்று குட்டிக் கார் ஒன்று விற்கிறது. நீளம் மாருதி 800-ஐவிடக் குறைச்சல். ஆசையோடு அகலத்தைப் பார்த்தேன்: 5 அடி 6. அம்பாசடரைத் தாண்டிவிட்டது.

இந்த விலைக்குள் ஐந்தடிக்கு உட்பட்டது இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. ஆல்டோ கே10 இன்னமும் 4 அடி 11 அங்குலத்துக்குள்தான். அதில் அத்தை ஏறி இறங்கக் கஷ்டப்படுகிறார்கள். வாகன் ஆர் உயரம், அத்தைக்கு ஏற்றது, அகலம் 5 அடி 4. முடுக்கில் 2 அடி 8 அங்குலம் மிஞ்சும். குடத்தோடு போகலாம், கொஞ்சம் சாய்ந்து. ஸ்ட்ரெச்சர் போகுமா என்று பார்க்கவேண்டும். வரிச் சலுகைக்கு நாலு மீட்டர் நீளம் என்று கோடு போட்டவர்கள், அகலத்துக்கும் ஐந்தடி மூன்று அங்குலம் என்று ஒரு கோடு போட்டால் கம்பெனிகள் தானாக வழி கண்டுபிடிக்கும். வாலை நறுக்கத் தெரிந்தவர்களுக்கு விலாவைக் குறைக்கத் தெரியாதா?

எங்கள் வீட்டுக்காரர் இன்னும் அந்த ஜீப் மாதிரியிலேயே நிற்கிறார். ஷோரூமில் டெஸ்ட் டிரைவ் என்று சொல்லி பைபாஸில் வழுக்கிக்கொண்டு போய் வரச் சொல்வார்கள். அதெல்லாம் வேண்டாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, பிள்ளைகள் விளையாடுகிற நேரத்தில், காரை எங்கள் முடுக்குக்குக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். உள்ளே வந்து, கதவைத் திறந்து, அத்தையை ஏற்றி, யார் வீட்டுத் திண்ணையையும் உரசாமல் ரிவர்ஸில் வெளியே போகட்டும். அப்புறம் செக் புத்தகத்தை எடுப்போம் என்று சொல்லிவிட்டேன். அவுகளும் சரி என்று தலையாட்டியிருக்கிறார்கள்.