ஆலை விரிகிறது, எம்மவர் எந்த வாயிலால் நுழைவது?

குவெல்ப் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லினமார் நிறுவனம், நூறு கோடி டொலருக்கும் அதிகமான முதலீட்டில் ஒன்ராறியோவில் தனது உற்பத்தியை விரிவாக்கப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. மத்திய, மாகாண அரசுகளும் பொதுப்பணத்தால் கைகொடுக்க முன்வந்தன. மோட்டார் வாகன உதிரிப்பாக ஆலையொன்று ஆட்சேர்க்கிறதென்றால் அச்செய்தி எம்மவர் வீடுகளுக்கு விரைவில் எட்டிவிடும். நல்லதே. ஆயினும் வேலை உண்டா என்று கேட்கும் நாம், என்ன வேலை, யாருடைய ஊழியராக என்று கேட்பதில்லை.

அந்நிறுவனத்தைத் தொடங்கிய பிராங்க் ஹாசன்பிராட்ஸ் ஓர் அகதி. 1956இல் ஹங்கேரிய மக்கள் எழுச்சி நசுக்கப்பட்டபின் நாட்டைவிட்டு வெளியேறி, 1957இல் கனடாவுக்கு வந்தவர். பின்னர் தமது வீட்டு நிலவறையில் தனியொருவராக உலோகம் கடையத் தொடங்கினார். அவர் தம்முடன் கொண்டுவந்தது கைத்தொழில்.

நாம் கொண்டுவந்தவை சான்றிதழ்கள். அவற்றை இந்நாடு பெரும்பாலும் மதிக்கவில்லை. பட்டதாரியும் எழுதுவினைஞரும் ஏஜென்சி வானில் ஏறி, இரவு வேலைக்குச் சென்று, பெட்டி அடுக்கினர். குடும்பங்கள் வாழ்ந்தன, இதில் இழிவேதுமில்லை. ஆனால் ஏஜென்சி ஊழியர் ஒரே ஆலையில் ஆண்டுக்கணக்கில் நின்றாலும் அவ்வாலையின் ஊழியர் ஆகிவிடுவதில்லை. உற்பத்தி குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர் அவரே. 2025இல் அமெரிக்கா இறக்குமதி வாகனங்களுக்கு 25 வீத வரி விதித்தபின் இந்த அச்சம் வெறும் கற்பனையன்று. (ஒன்ராறியோவில் 2024 ஜூலை முதல் இத்தகைய ஏஜென்சிகள் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். வேலை தருவதற்கு ஊழியரிடம் பணம் அறவிடுவது சட்டவிரோதம். கேட்பவர்க்குக் கொடுத்துவிடாதீர்கள்.)

விரியும் ஆலைக்கு உண்மையில் தேவைப்படுவோர் இயந்திரம் இயக்கவும் பழுதுபார்க்கவும் அச்சுக் கருவிகள் செய்யவும் தெரிந்தவர்கள். அத்தொழில்களைச் சம்பளம் பெற்றுக்கொண்டே கற்கலாம். உயர்தரப் பாடசாலையின் 11ஆம், 12ஆம் வகுப்புகளிலேயே தொழில் பயிலுநராகச் சேரவும் வழியுண்டு. நாமோ வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்ற மூன்று சொற்களுக்கு அப்பால் பிள்ளைகளுக்கு எதிர்காலம் காண்பதில்லை. கையில் எண்ணெய் படியும் மாப்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசவும் தயங்குகிறோம்.

எமது பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் பரிசளிப்பு விழாக்களிலே பல்கலைக்கழகம் புகுந்தோரை மேடையேற்றி மாலை சூட்டுகின்றன. தொழிற்சான்றிதழ் பெற்ற ஒருவரையேனும் அம்மேடைகளில் நான் கண்டதில்லை. அடுத்த விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் செயலாளர்கள் இரண்டு பெயர்களைச் சேர்க்கலாமே.