ஒற்றை வாடிக்கையாளரை நம்பிய பதிப்புலகம்

தமிழ்ப் பதிப்பாளர் இருவர் சந்தித்துக்கொண்டால் நலம் விசாரிப்பதற்கு முன்பே வந்துவிடும் கேள்வி, ‘லைப்ரரி ஆர்டர் வந்ததா?’ என்பது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழிசெய்தது. நூல் வாங்க நிலையான வருவாய் பிறந்தது. கூடவே, நம் பதிப்பகங்களுக்கு ஒரு மாபெரும் வாடிக்கையாளரும் வாய்த்தார்.

அந்த வாடிக்கையாளரைப் பழிக்க நாங்கள் முற்படவில்லை. விற்காது என்று தெரிந்தே கவிதைத் தொகுப்புகளையும் ஆய்வு நூல்களையும் அச்சேற்றும் துணிவை அந்த ஆணை தந்தது. எங்கள் உறுத்தல் வேறு. பல்லாண்டுகள் நூலகக் கொள்முதலில் விலை ஃபாரம் கணக்கிலேயே நிர்ணயிக்கப்பட்டு வந்தது. 16 பக்கம் ஒரு ஃபாரம். இத்தனை ஃபாரத்துக்கு இவ்வளவு தொகை. இக்கணக்கில் செம்மையாக்குநரால் பதிப்பாளருக்கு இரட்டை நட்டம்: அவருக்கு ஊதியமும் தர வேண்டும், அவர் வெட்டிய பக்கங்களுக்கான தொகையையும் இழக்க வேண்டும். சொல்லடைவு தயாரிப்பவரின் உழைப்பும், மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துபவரின் உழைப்பும் அதில் ஏறுவதே இல்லை. எழுத்துரு பருத்து, ஓரங்கள் அகன்று, ஒவ்வோர் இயலுக்கும் முன் ஒரு வெற்றுப் பக்கம் விட்டு நூல்கள் வந்ததில் வியப்பென்ன?

பெரிய வாடிக்கையாளரை அண்டியிருப்பதே புதுமையைக் கொன்றுவிடும் என்பாருண்டு. எங்களுக்கு அதில் முழு உடன்பாடில்லை. ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1949இல் டொயோட்டாவிலிருந்து பிரிந்து, அதற்கே உதிரி பாகங்கள் வழங்கி வளர்ந்தது. ஒரே பெட்டியில் ஒட்டிய பல பட்டைக் குறிகளை ஒவ்வொன்றாக வருடிச் சலித்த தொழிலாளர்களின் முறையீட்டிலிருந்து, 1994இல் அங்கே உருவானதுதான் இன்று நம் பெட்டிக்கடைகளில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீடு. அந்த உற்பத்திமுறை பிழையற்ற, விரைவான தகவலைக் கேட்டது, கிடைத்தது. நம்மிடம் கேட்கப்பட்டது பக்க எண்ணிக்கை. அதுவும் குறைவின்றிக் கிடைத்தது.

2024இல் தமிழக அரசு வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கையைக் கொண்டுவந்து, விண்ணப்பங்களை இணையவழி பெறத் தொடங்கியது. வரவேற்கிறோம். யாருடைய நூல் எதனால் தேர்வாகிறது என்ற ஐயம் இதனால் குறையலாம். நூல் எவ்வாறு உருவானது என்பதற்கும் அங்கே உரிய எடை வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை: செம்மையாக்கியவர் யார், மொழிபெயர்ப்பு எந்த மூலத்திலிருந்து, உரிமை பெறப்பட்டதா? இவற்றுக்கென விலையில் ஒரு பங்கை ஒதுக்கிப் பாருங்கள். மறுவாரமே பதிப்பகங்கள் மெய்ப்புத் திருத்துநர்களைத் தேடி அலையத் தொடங்கும்.