டில்லிக் கல்லூரிகளில் தாமதத் தொடக்கம்: பாடப் பதிவில் திணறும் முதலாண்டு மாணவர்கள்

டில்லிப் பல்கலைக்கழகத்தில் ஜூலை 20-ஆம் தேதியை ஒட்டி முதலாண்டு வகுப்புகள் தொடங்குவது ஒரு காலத்து வழக்கம். கொரோனா ஆண்டுகளை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 2022-இல் பொது நுழைவுத் தேர்வு (சி.யூ.இ.டி.) வந்த பிறகு அந்த வழக்கம் நிலைகுலைந்தது. அவ்வாண்டு முதலாண்டு வகுப்பு தொடங்கியது நவம்பர் 2-ஆம் தேதி. 2023-இல் ஆகஸ்டு 16. 2024-இல் ஆகஸ்டு 29. 2025-இல்தான் ஆகஸ்டு 1 என்று ஓரளவு சீர்பட்டது.

இவற்றில் 2024-ஆம் ஆண்டு தலைநகர்வாசிகளுக்கு மறக்க முடியாத ஆண்டு. மே 15-இல் நடக்க வேண்டிய நுழைவுத் தேர்வு, டில்லி மையங்களில் மட்டும் முதல்நாள் இரவு ஒத்திவைக்கப்பட்டு, மே 29-இல் நடந்தது. பிறகு குறைபாடுகள் பற்றிய புகார்களால் ஜூலை 19-இல் ஒரு பகுதியினருக்கு மறுதேர்வு. முடிவு வெளியானது ஜூலை 28-ஆம் தேதி. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே 13-இலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, மே 6-இல். ஆக, பள்ளியில் தேறிய பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்க மூன்றரை மாதத்திற்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊரில் அதே வகுப்பில் தேறிய அத்தை மகனோ ஜூலையிலேயே கல்லூரிக்குப் போய்விட்டான்.

காலதாமதம் என்றால் வகுப்பு தள்ளிப் போவது மட்டுமே என்று பெற்றோர் நினைத்துக் கொள்கிறார்கள். உண்மையான நஷ்டம் வகுப்பு தொடங்கிய பின்னர்தான் நேர்கிறது.

2022-இல் வந்த புதிய பாடத்திட்டப்படி முதல் அரையாண்டில் மாணவர் 22 கிரெடிட் எடுக்க வேண்டும். இதில் 12, சொந்தத் துறையின் மூன்று பாடங்களுக்கு உரியவை. அவற்றில் பெரும்பாலும் தேர்வுக்கே இடமில்லை. மீதி பத்தில்தான் சிக்கல். வேறு துறையிலிருந்து ஒரு பொது விருப்பப் பாடம் நான்கு கிரெடிட். திறன் பாடம், மதிப்புக் கூட்டுப் பாடம், மொழி அல்லது சுற்றுச்சூழல் பாடம் ஆகியவை தலா இரண்டு. அவர் கேட்பதெல்லாம் கிடைக்காது. ஒவ்வொரு பாடத்துக்கும் இத்தனை இடம் என்று கல்லூரி வரம்பு வைக்கிறது. பல கல்லூரிகளில் முந்தி நிரப்பியவருக்கே முதலிடம்.

அறிமுக விழாவில் முதல்வர் பேசி, துறைத் தலைவர்கள் பேசி, மாணவர் வெளியே வரும்போது படிவத்தைப் பூர்த்தி செய்ய ஓரிரு நாட்களே எஞ்சியிருக்கும். விழாவுக்குப் பின் நடந்த ஒதுக்கீட்டுச் சுற்றுகளில் இடம் பெற்றவருக்கு அந்த அவகாசமும் இல்லை. மேலான கல்லூரிக்கு மாற விரும்பி 'அப்கிரேடு' கொடுத்தவர், புதிய இடத்துக்கு வந்து சேரும்போது, கணினிப் பாடம், கணக்கியல் சார்ந்த பாடம் போன்று வேலைக்கு உதவுபவை நிரம்பியிருக்கும். மிஞ்சியதை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அண்ணனோ அக்காவோ அங்கே படித்திருந்தால் முன்கூட்டியே சொல்லித் தருவார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காணும் பிள்ளைக்கு அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மொழிப் பாடத்தில் தனி இடர் உண்டு. இந்திப் பாடம், மாணவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவரா, பத்து வரையா, பன்னிரண்டு வரையா என்பதைப் பொறுத்துப் பிரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்தி படிக்காமல் வந்தவருக்கு மூன்றுமே பொருந்தாது. அட்டவணையில் உள்ள தமிழ் உள்ளிட்ட மொழிகளும் விதிப்படி உண்டு. ஆனால் ஆசிரியர் உள்ள கல்லூரியில்தான் அவை நடக்கும். டி.டி.இ.ஏ.யின் ஏழு பள்ளிகளில் தமிழ் படித்துத் தேறியவர்கள் தங்கள் கல்லூரியில் தமிழ் உண்டா என்று பதிவுக்கு முன்பே விசாரித்துக் கொள்வது நல்லது. படிவத்தில் இந்தி என்று குறித்துவிட்டால் பிறகு மாற்றுவது எளிதன்று.

வருகைப் பதிவும் கவனிக்க வேண்டியது. மூன்றில் இரண்டு பங்கு வருகை கட்டாயம். தாமதமாகச் சேர்ந்தவர், எந்தத் தேதியிலிருந்து தம் வருகை கணக்கிடப்படும் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது உத்தமம். வாய்ச்சொல் தேர்வு நேரத்தில் செல்லாது என்பது அலுவலகங்களில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாததல்ல.

பல்கலைக்கழகத்தின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. ஏறத்தாழ 71,000 இடங்களை நிரப்ப வேண்டும். நுழைவுத் தேர்வை நடத்துவதோ வேறொரு மத்திய முகமை. ஆயினும், கடைசிச் சுற்றுகளில் வருபவருக்கென விருப்பப் பாடங்களில் சில இடங்களை ஒதுக்கி வைப்பதற்கு எந்த முகமையின் அனுமதியும் வேண்டியதில்லை. கல்லூரிகளே செய்யக்கூடியது இது.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு பாதுகாப்பு இருந்தது. காத்திருக்கும் காலத்தில் வேறு கல்லூரியில் கட்டிய கட்டணத்தை, 2024 செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுமையாகவும், அக்டோபர் 31-க்குள் விலகினால் ரூ. 1,000-க்கு மேற்படாமல் பிடித்துக்கொண்டும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. இத்தேதிகள் அந்தக் கல்வியாண்டுக்கு உரியவை. சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கால அட்டவணை மட்டும் யார் கவலையிலும் இல்லை. கடைசியில் கிடைத்த விருப்பப் பாடம் மாலை நேரத்தில் அமைந்துவிட்டால், காலை எட்டரைக்கு வந்த பிள்ளை நடுவில் சும்மா உட்கார்ந்திருந்து இருட்டிய பின் வீடு திரும்ப வேண்டும். ஜங்புரா மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1-இல் இடிக்கப்பட்ட பின் நரேலாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களின் பெண் பிள்ளைகள், தென் டில்லிக் கல்லூரியிலிருந்து நகரின் வட எல்லை வரை பேருந்து மாறிப் போக வேண்டியவர்கள்.