வாயை மட்டும் அசை

வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் சிரித்தார். கும்பகோணத்துக்காரர், நல்ல கவிஞர். ஆகவே பெயர் வேண்டாம். "உமக்கு பேங்க்கில் வேலை குறைந்துவிட்டதா?" என்று கேட்டார். குறையவில்லை. குறுவை அறுப்புக்கும் தாளடி நடவுக்கும் நடுவே நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பை நான் விடுவதாக இல்லை. அதில் விளையாட்டைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

எதையும் கலை என்று ஏற்றுக்கொள்ள, அது முதலில் வெளியூரில் பரிசு வாங்கி வந்தாக வேண்டும் என்பது நம் வழக்கம். விளையாட்டு விஷயத்தில் அதுவும் நடந்தாயிற்று. டொரன்டோவில் 'விசை கேம்ஸ்' என்ற சிறு குழு 2023இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், சிதைந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம், பின்னால் ரேடியோவில் நம் சினிமாப் பாட்டுகளின் சாயலில் பாட்டு. 2024இல் பாஃப்டா பரிசு கிடைத்தது. உடனே நாமும் மெச்சினோம். எதை மெச்சினோம்? இட்லியை. அழிந்த எழுத்தை ஊகித்து ஊகித்துச் சமைக்கிற அந்தக் காரியமே மொழியை இழப்பதன் உருவமாக ஆகிறது என்பதை எங்கள் வட்டத்தில் யாரும் பேசிக் கேட்கவில்லை. இவ்வளவுக்கும் யாப்பை உடைத்த பெருமையில் காலம் தள்ளுகிறவர்கள் நாம். 'வெண்பா' என்ற பெயராவது உறுத்தியிருக்க வேண்டாமா?

நான் பேச வந்தது வேறொன்று. 'வாண்டர்சாங்'. 2018இல் கிரெக் லோபனோவ் என்பவர் சிறு குழுவோடு செய்தது. பக்கவாட்டில் ஓடி, தாவி, ஏறிப் போகிற வகை. கதாநாயகன் ஒரு பாணன். ஆரம்பத்திலேயே அவன் கையில் ஒரு வாள் கிடைக்கிறது. அவனுக்கு அதைப் பிடிக்கவே தெரியவில்லை. தெரிந்தது பாடுவது மட்டும். திரையில் எட்டுத் திசைக்கு எட்டு ஸ்வரமாக ஒரு சக்கரம். அவன் பாடும் திசையில் கொடி வளைந்து வழியாகிறது. உலகம் முடியப்போகிறது, அதைத் தடுக்க ஒரு பாட்டின் துண்டுகளைத் தேடி அலைகிறான். அவனோடு சிடுசிடுப்பான ஒரு சூனியக்காரி. பாதி வழியில், உலகைக் காக்க விதிக்கப்பட்ட வீரன் தான் அல்ல, வாள் வைத்திருக்கும் வேறொருத்தி என்று அவனுக்குத் தெரிகிறது. இடிந்துபோகிறான். பிறகும் பாடுகிறான். அந்த 'பிறகும்'தான் விளையாட்டு.

கமகம் எங்கே என்று சங்கீத நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. எட்டு ஸ்வரத்தில் தோடி வராது. அது கச்சேரியும் அல்ல. பாட்டு ஒரு செயல், அதுவும் வாளுக்கு எதிரான செயல் என்று சொல்ல எட்டு போதும்.

இதையே தஞ்சாவூரில் செய்யச் சொல்லிப் பாருங்கள். ராஜராஜன், யானை, வாள், பின்னணியில் பெரிய கோயில் விமானம். பாணன் என்ற சொல்லை இரண்டாயிரம் வருஷமாக வைத்திருக்கிறோம். பாணனைக் கதாநாயகனாக்க நமக்கு மனசு வராது. அவன் அரசனைப் புகழ்ந்து பரிசில் வாங்கப் பிறந்தவன் என்பது நம் எண்ணம். பிற்பாடு அவனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினோம். திருப்பாணாழ்வார் காவிரிக்கரையில் நின்றபடியே அரங்கனைப் பாடினார் என்ற கதையைப் பக்தியோடு சொல்கிற நாம், அவர் ஏன் அங்கே நின்றார் என்று கேட்டுக்கொள்வதில்லை.

லோபனோவிடம் எனக்குள்ள சண்டையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவருடைய உலகத்தில் பாணனைக் கேலி செய்கிறார்கள், பொருட்படுத்தாமல் போகிறார்கள். 'நீ பாடக் கூடாது' என்று யாரும் சொல்வதில்லை. அவன் வாய் அவனுடையது என்பது அங்கே கேள்விக்கு அப்பாற்பட்டது. ஒரு பாட்டு உலகைக் காக்குமா என்பது இரண்டாவது கேள்வி. எந்த வாய் பாடலாம் என்பதே முதல் கேள்வி. அதை அறியாத உலகத்தில் பாணனின் துக்கம் சற்று மலிவாகவே கிடைத்துவிடுகிறது.

முதல் கேள்வியைச் சந்தித்தவள் நம் ஊரில் இருந்தாள். பெங்களூர் நாகரத்தினம்மாள், 1878இல் பிறந்தவர். தஞ்சை அரசவையில் பதினெட்டாம் நூற்றாண்டில் இருந்த முத்துப்பழனி என்ற தாசி தெலுங்கில் எழுதிய 'ராதிகா ஸாந்த்வனமு'வை 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று வெள்ளைக்கார சர்க்கார் தடை போட்டது, 1947இல்தான் நீங்கிற்று. 1920களில் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தம் சொத்தைப் போட்டுக் கட்டடம் எழுப்பினார். கட்டியவர் அவர். ஆராதனையில் பாட அவருக்கு உரிமை இல்லை, பெண் என்பதால். சின்னக் கட்சி, பெரிய கட்சி என்று ஒன்றோடொன்று பேசாத இரண்டு ஆண் கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. அவர் பெண்களைத் திரட்டி மூன்றாவதாக ஒரு கட்சி ஆரம்பித்துச் சமாதிக்குப் பின்புறம் பாடினார். 1940ஐ ஒட்டி மூன்றும் ஒன்றாயின. 1952இல் இறந்தார். இன்றும் அவருடைய சிலை தியாகராஜரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. இதை விளையாட்டாக்க யாருக்காவது தைரியம் இருந்தால், எட்டு ஸ்வரச் சக்கரத்தில் முதலில் எட்டையும் பூட்டிவைத்துத் தொடங்கட்டும்.

என் கதை இவ்வளவு பெரிதல்ல. எட்டாம் வகுப்பில் பிரார்த்தனைக் குழுவில் நின்றேன். வாத்தியார் என் காதருகே குனிந்து, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரப்படாது" என்றார். அசைத்தேன். ஒவ்வொரு தை மாதமும் திருவையாற்றுப் பந்தலில் பஞ்சரத்ன கீர்த்தனை பாடும்போது ஓரமாக நிற்கிறேன். ஐந்தும் எனக்கு மனப்பாடம். இன்றும் உதடு மட்டும்தான் அசைகிறது. தங்கை மகனின் கம்ப்யூட்டரில் அந்தப் பாணனை நகர்த்திக்கொண்டிருந்த இரவு, நான் சத்தமாகப் பாடிக்கொண்டிருப்பதாக அவன் வந்து சொன்னான். விமர்சகன் இதை எழுதக் கூடாதுதான். ஆனால் ஒரு படைப்பு என்னிடம் என்ன செய்தது என்பதை மறைத்துவிட்டு அதன் உருவத்தை மட்டும் பேசுவது பேங்க் லெட்ஜரில் கையெழுத்தழகு பார்ப்பதைப் போல.

நண்பரின் சிரிப்புக்கு வருகிறேன். அதுவும் ஒரு கட்சிக்காரரின் சிரிப்புதான். நாமும் முப்பது நாற்பது பேர், நம்மிலும் சின்னது பெரியது உண்டு. வெளியிலிருந்து ஒரு குரல் வரும்போது மட்டும் ஒத்துப்போகிறோம். தரம் வேண்டாமா என்பார். வேண்டும். பாடி முடித்த பிறகு பார்க்கிற விஷயம் அது. பாடுவதற்கு முன்பே கேட்கப்படும் தரத்துக்கு வேறு பெயர் உண்டு.

சென்ற கூட்டத்துக்கு ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். நாற்று நடுகிறவர். நாற்பது பக்க நோட்டில் கவிதைகள். நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "இன்னும் நிறையப் படியுங்கள் அம்மா" என்றோம். நானும் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டினார். உதடு ஏதோ அசைந்தது.

அந்த நோட்டு நண்பரிடம்தான் இருக்கிறது. அடுத்த இதழ் அச்சுக்குப் போகுமுன் எனக்கு அனுப்பிவைக்கட்டும். முழுதும் படிக்க வேண்டும்.